நாக்குக்குப் பழகியது கல்லீரலுக்குப் பழகாது

"ஹாட் (விஸ்கி, பிராந்தி) தொடறதே இல்ல டாக்டர். பீர் மட்டும்தான். அதுவும் கசப்பு பீர்."

இதைச் சொல்லும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். ஏதோ மருந்து சாப்பிடுகிறவர் மாதிரி பேசுவார். முன்பெல்லாம் "பீர் மட்டும்தான்" என்பதோடு நிற்கும். இப்போது ஐ.பி.ஏ. (கசப்பு தூக்கலான பீர் வகை), ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ), ஐ.பி.யூ. (கசப்பின் அளவு) என்று கூடுதலாக நாலு வார்த்தை சேர்ந்திருக்கிறது. சமீபத்தில் வந்த ஒருவரைப் பார்த்த பிறகு, இதை எழுதாமல் விட்டால் தப்பு என்று தோன்றிவிட்டது.

வயது முப்பதுகளின் நடுவில். கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, செருப்புக்கூடப் போட முடியாமல் நொண்டிக்கொண்டு வந்தார். கவுட் என்ற மூட்டு வாதம். ரத்தத்தில் யூரிக் ஆசிட் அதிகம், ஸ்கேனில் ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு), கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஜி.ஜி.டி. இருக்க வேண்டிய அளவைப்போலப் பல மடங்கு. எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டேன். "எப்பவும் ரெண்டுதான் டாக்டர். அஞ்சு வருஷமா அதே ரெண்டுதான், ஏத்தவே இல்ல." என்ன ரெண்டு? போனில் படம் காட்டினார். படத்தைப் பெரிதாக்கி லேபிளின் மூலையில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். டபுள் ஐ.பி.ஏ., 500 மில்லி, 8 சதவீதம். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் குடித்தது எது? 330 மில்லி கேனில் லைட் லாகர், அதாவது சாதாரண மென்மையான பீர், நாலரை சதவீதம்.

சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் சாராயம், அதாவது ஆல்கஹால், எத்தனை மில்லி என்று வரும். அதை 0.8 ஆல் பெருக்கினால் கிராம். பழைய கேன் ஒன்றில் 12 கிராம், இரண்டுக்கு 24. புதியதில் ஒன்றுக்கு 32, இரண்டுக்கு 64. எண்ணிக்கை மாறவில்லை, உள்ளே போவது இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. 40 சதவீத விஸ்கியாகப் பார்த்தால் அந்த "ரெண்டு பீர்" 200 மில்லி விஸ்கி. ஹாட் தொடாதவர் தினமும் குடித்துக்கொண்டிருந்தது அவ்வளவு.

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே ஏற்றவில்லை என்று நம்பியிருந்தார். இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நேர்மையானவர்கள். அதனால்தான் வருத்தமாக இருக்கிறது.

கசப்பு பீர் யாருக்கும் முதல் வாயிலேயே பிடிப்பதில்லை. நம் நாக்கில் கசப்பை உணரச் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. விஷத்தைக் கண்டுபிடித்துத் துப்பத்தான் அவை. பச்சைக் குழந்தைகூடக் கசப்புக்கு முகம் சுளிக்கும். அதே கசப்பு திரும்பத் திரும்பக் கெடுதல் காட்டாமல் வந்தால், கூடவே போதையின் சுகமும் வந்தால், மூளை அதை நல்லது என்று பதிந்துகொள்கிறது. சர்க்கரை போடாத காபி பிடிக்க ஆரம்பிப்பதும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். இதில் தவறு ஒன்றும் இல்லை. சுவை வளர்வது மனித இயல்பு.

சிக்கல் அடுத்த படியில். கசப்பு பழகப் பழக, நேற்றுக் கடுமையாக இருந்தது இன்று சப்பென்று ஆகிவிடும். இன்னும் கசப்பாக ஒன்றைத் தேடுவார்கள். பீர் காய்ச்சுபவர் ஹாப்ஸை மட்டும் கூட்டினால் வாயில் வைக்க முடியாது. அதைச் சமன்படுத்தப் பெரும்பாலும் மால்ட்டையும் (முளைகட்டிய பார்லி) கூட்டுவார். மால்ட் கூடினால் சர்க்கரை கூடும், அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும். அதனால்தான் சாதாரண லாகர் 4-5 சதவீதத்தில் நிற்க, ஐ.பி.ஏ. 6-7க்கும், டபுள் ஐ.பி.ஏ. 8க்கும் அதற்கு மேலும் போகிறது. நீங்கள் ரசனையில் ஒரு படி ஏறுகிறீர்கள். சாராயமும் கூடவே ஏறுகிறது, சத்தமில்லாமல்.

இப்போது ஹேசி ஐ.பி.ஏ. என்று கலங்கலாக ஒன்று பரவலாகக் கிடைக்கிறது. ஹாப்ஸின் பெரும்பகுதியைக் கொதிக்கும்போது போடாமல் கடைசியில் போடுவதால் வாசனை தூக்கும், கசப்பு குறையும். பழச்சாறு மாதிரி இறங்கும். கசந்தால் மெதுவாகவாவது குடிப்பார்கள். இதில் அந்தத் தடையும் இல்லை. 6-7 சதவீதத்தை இவ்வளவு சுலபமாக இறக்கும் பானத்தைப் பற்றி நான் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

சரி, என்னை அதிகம் சோர்வடைய வைக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். "கசப்பு உடம்புக்கு நல்லது, ஹாப்ஸ் ஒரு மூலிகை."

ஹாப்ஸ் ஒரு கொடி. அதன் பெண் பூக்கூம்புக்குள் மஞ்சள் நிறத்தில் ஒட்டும் பிசின் தூள் இருக்கும், பெயர் லூப்புலின். அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் உருமாறித்தான் பீருக்குக் கசப்பு வருகிறது. பீருக்குள் ஹாப்ஸ் நிலைத்துவிட்டதற்கு முக்கியக் காரணம், பீரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களை அது அடக்குகிறது என்பது. பவேரியாவில் 1516-ல் போட்ட சட்டம் பீரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்றது. ஆக, ஹாப்ஸ் பாதுகாப்பது பீரை. குடிப்பவரை அல்ல.

"ஆராய்ச்சியே இருக்கே டாக்டர்" என்பார்கள். இருக்கிறது. ஹாப்ஸில் உள்ள சாந்தோஹியூமால் என்ற பொருளை வைத்து ஆய்வகத்தில் செல்கள் மேல் நிறையச் சோதனைகள் நடந்திருக்கின்றன. ஆனால் அங்கே பயன்படுத்துவது பிரித்தெடுத்துச் செறிவாக்கிய பொருள். பீர் காய்ச்சும்போது அதில் பெரும்பகுதி கொதியிலேயே வேறொன்றாக மாறிவிடுகிறது. பாட்டிலில் மிஞ்சுவது சொற்பம்.

சரி, ஹாப்ஸில் ஏதோ நல்லது இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐ.பி.யூ. என்பது ஏறக்குறைய ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கசப்புப் பொருள் என்பதைச் சொல்லும் எண். 50 ஐ.பி.யூ. உள்ள, 7 சதவீத ஐ.பி.ஏ. 500 மில்லி குடித்தால் உங்களுக்குக் கிடைக்கும் கசப்பு 25 மில்லிகிராம். கூடவே போகும் சாராயம் 28 கிராம். கிராம்! கிட்டத்தட்ட ஆயிரத்து நூறு மடங்கு. எந்த மருத்துவராவது இப்படி ஒரு மருந்தை எழுதிக் கொடுத்தால் அவரிடம் மறுபடி போவீர்களா? மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருட்களில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது 1988-ல். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. கசப்பு பீருக்கு என்று அதில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

இன்னொன்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கசப்பு கூடினால் சாராயமும் கூடித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. நல்ல கசப்பான கறுப்பு ஸ்டவுட் பீர் நாலு சதவீதத்தில் இருக்கும். ஜெர்மனியின் டோப்பல்பாக் பீர் இனிப்பாக இருந்துகொண்டு 7-8 தொடும். நாக்கை நம்பாதீர்கள். சதவீதத்தைப் படியுங்கள்.

சிறுநீரகக் கல்லுக்குப் பீர் குடிக்கிறவர்களுக்கு: சாராயம், தண்ணீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை அடக்குவதால் சிறுநீர் அதிகம் போகிறது. கால்சியம் கல்லைப் பீர் கரைக்காது. பீரில் பியூரின் (உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும் பொருள்) இருப்பதால் யூரிக் ஆசிட் வேறு ஏறும். தண்ணீர் குடியுங்கள்.

தூக்கத்துக்குக் குடிக்கிறவர்களுக்கு: சீக்கிரம் தூங்கிவிடுவீர்கள், பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகும். தூக்க மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கவே குடிக்காதீர்கள். மூச்சு அடங்கிவிடும்.

"எனக்கு ஏறவே ஏறாது" என்பவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. பழகியது உங்கள் மூளை. போதை தெரியாததால் கல்லீரலுக்குப் போகும் கிராம் குறைவதில்லை. அதே போதைக்கு இன்னும் குடிப்பீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இளம் மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கேஸ் ஷீட்டில் "எப்போதாவது பீர்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். எத்தனை மில்லி, எத்தனை சதவீதம், வாரத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள். அந்த மூன்று கேள்விக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

குடிக்காதவர்கள் ரசனைக்காகத் தொடங்க வேண்டாம். குடிப்பவர்கள் லேபிளைப் பார்த்துக் கிராம் கணக்குப் போடுங்கள், பாட்டிலை எண்ணாதீர்கள். வலுவான பீர் என்றால் சின்னக் கிளாஸில் வாங்குங்கள். வாரத்தில் பல நாட்கள் தொடாமல் இருங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். வண்டி ஓட்டுவதென்றால் ஒரு வாய்கூட வேண்டாம், இதில் பேச்சுக்கே இடமில்லை. கர்ப்பமாக இருப்பவர்கள், கல்லீரல் நோய், கணைய அழற்சி, கவுட் உள்ளவர்களுக்கு எந்தப் பீரும் கிடையாது. நெஞ்செரிச்சல் இருந்தால் காஸும் சாராயமும் சேர்ந்து அதைக் கிளப்பும். மாத்திரை எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், நாங்கள் திட்டுவதற்காகக் கேட்பதில்லை.

கசப்பும் வாசனையும்தான் உண்மையில் பிடித்திருக்கிறது என்றால், ஹாப்ஸ் போட்ட சாராயமில்லாத பீர் கிடைக்கிறது. அதிலும் 0.5 சதவீதம் வரை இருக்கலாம் என்பதால் லேபிளைப் பாருங்கள். குடியிலிருந்து மீண்டவர்கள் மட்டும் அந்தப் பக்கமே போக வேண்டாம். அந்த வாசனையே பழைய ஆசையை எழுப்பிவிடும்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களும் படிக்க வேண்டியது. தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர், இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலிருந்து தானாகவே ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். பீர்தானே என்று நினைக்காதீர்கள், கிராம் கணக்கு உடம்புக்குத் தெரியும். நிறுத்தும் முன் மருத்துவரைப் பாருங்கள், மாத்திரையோடு பத்திரமாக நிறுத்தலாம். ஏற்கெனவே நிறுத்திவிட்டவருக்கு முதல் சில நாட்களில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் அன்றே அழைத்து வாருங்கள். வலிப்பு வந்தாலோ, இல்லாததைப் பார்த்துப் பேசினாலோ, ஆள் இடம் தெரியாமல் குழம்பினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே "பீர் மட்டும்தான்" என்று சொல்லாமல், எத்தனை மில்லி, எத்தனை சதவீதம், கடைசியாகக் குடித்தது எப்போது என்று சொல்லுங்கள்.