அட்டையில் ஏறாத புள்ளி

கொழும்பு ஹோட்டலொன்றின் வரவேற்புப் பகுதியில் பணியாற்றும் எனக்கு, இணையத்தில் எங்களைப் பற்றி வரும் விமர்சனங்களைத் தினமும் வாசிப்பதும் வேலையின் ஒரு பகுதி. முதன்முறை தங்கியவர் குளிரூட்டியையோ காலை உணவையோ குறை சொல்வார். மனம் நொந்து எழுதப்படும் குறையோ, அநேகமாக அங்கத்துவ அட்டை வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளரிடமிருந்தே வருகிறது. தங்குவதற்கேற்ப இந்த அட்டையில் புள்ளிகள் ஏறும், அவற்றைப் பின்னர் சலுகைகளாக மாற்றிக்கொள்ளலாம்.

புறக்கோட்டையில் சரக்கெடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து மாதந்தோறும் வரும் வணிகர் ஒருவருக்கு, ஒருமுறை அவருடைய மகன் மலிவாகக் கிடைக்கிறதென்று, ஹோட்டல் அறைகளைத் தரகுக்கு விற்கும் இணைய முகவர் தளமொன்றில் அறை பதிவு செய்திருந்தார். புறப்படும்போது பற்றுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "ஆறு வருசமா இஞ்சைதானே தங்கிறன், என்ர பொயின்ற்ஸ் எங்கை தம்பி?" என்று கேட்டார். "விதி அப்படித்தான் ஐயா" என்பதோடு எங்கள் பணியாளர் நிறுத்திக்கொண்டார். அன்றிரவே ஒற்றை நட்சத்திர விமர்சனம் வந்தது. அதில் புள்ளியைப் பற்றி ஒரு வரிதான். மீதியெல்லாம் தன்னை யாரென்றே தெரியாதவர்போல் நடத்தினார்கள் என்ற ஆதங்கம்.

விதி உண்மைதான். ஹில்டன் ஹானர்ஸ், மரியட் பொன்வோய் போன்ற ஹோட்டல் அங்கத்துவத் திட்டங்களில், ஹோட்டலிடம் நேரடியாகச் செய்யும் பதிவுக்கே பொதுவாகப் புள்ளி சேரும். முகவர் தளத்துக்குப் போகும் தரகை மிச்சம்பிடிப்பதும் இத்திட்டங்களின் நோக்கங்களில் ஒன்று. அறை வாடகைக்குச் சேரும் புள்ளி, அதன்மேல் ஏறும் சேவைக் கட்டணத்துக்கும் பெறுமதி சேர் வரிக்கும் சேராது. இவ்விரு திட்டங்களிலும் புள்ளி சேராமலும் செலவாகாமலும் 24 மாதம் கிடக்கும் கணக்கில் புள்ளிகள் காலாவதியாகிவிடும். இவற்றை அட்டை கொடுக்கும் நாளிலேயே வாய்விட்டுச் சொல்லும் ஹோட்டல்கள் குறைவு. எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

வணிகரின் விமர்சனத்துக்குப் பிறகு எங்கள் ஹோட்டலில் நடந்த கூட்டத்தில், ஐந்து நட்சத்திரம் போடுபவருக்கு மேலதிகப் புள்ளி கொடுக்கலாம் என்றொரு யோசனை வந்தது. ஆனால் சலுகை கொடுத்து விமர்சனம் பெறுவதை, பயண விமர்சனத் தளமான ட்ரிப்அட்வைசர் தடைசெய்திருக்கிறது. பாராட்டியே எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு விமர்சனத்தை விலைக்கு வாங்குவதைத் தடுக்கும் விதி அமெரிக்காவில் 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நான் எதிர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒரே வாரத்தில் ஒரே தொனியில் வரும் ஐந்தாறு புகழுரைகளை வெள்ளவத்தைக் குடும்பமொன்றின் வாட்ஸ்அப் குழு நொடியில் இனங்கண்டு சிரித்துவிடும், பிறகு உண்மையாக எழுதியவரின் சொல்லும் எடுபடாது.

வணிகரைத் தொலைபேசியில் அழைத்து, விதியை விளக்கி, அன்று விளக்காததற்கு மன்னிப்புக் கேட்டோம். அடுத்த மாதம் அவரே நேரடியாக அழைத்துப் பதிவு செய்தார். விமர்சனத்தை நீக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. அது அங்கேயே இருக்கிறது, கீழே எங்கள் பதிலும் இருக்கிறது.