கடைசி முகவரியை மட்டும் நீக்கும் பட்டன்கள்

ஒரே ஜாவாஸ்கிரிப்ட் பிழையோடு ஒருவர் என்னிடம் வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. பட்டியலில் ஐந்து முகவரிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘நீக்கு’ பட்டன். எந்தப் பட்டனை அழுத்தினாலும் போவது ஐந்தாவது முகவரி. நிரலை எழுதிய இளைஞர் இரண்டு நாள் சர்வரில் தேடி அலைந்திருக்கிறார். பிழையோ, லூப்புக்குள் (ஒரே வரிகளைச் சுற்றுச் சுற்றாக ஓட்டும் பகுதி) ‘வார்’ (var) போட்டு அறிவித்த ஒரு மாறியில் இருந்தது.

கேட்டால் எல்லோரும் இதையே சொல்கிறார்கள்: “முதல் சுற்றில் அந்த மாறியில் முதல் முகவரிதானே இருந்தது? பட்டனை அழுத்தினால் ஓடும் கிளிக் ஃபங்ஷன் அதைத்தானே எடுத்துக்கொண்டிருக்கும்?” எடுத்துக்கொள்ளாது. குளோஷர், அதாவது வெளியே உள்ள மாறிகளையும் பயன்படுத்தும் இப்படிப்பட்ட ஃபங்ஷன், மதிப்பைப் படியெடுத்து வைப்பதில்லை. மாறியையே பிடித்து வைத்திருக்கிறது. ‘வார்’ மாறி ஃபங்ஷன் முழுமைக்கும் ஒன்றே ஒன்று. லூப்பின் அடைப்புக்குள் எழுதியதால் சுற்றுக்கு ஒன்றாக அது பிறப்பதில்லை. ஐந்து பட்டன்களும் ஒரே கரும்பலகையைப் பார்க்கின்றன. ஒவ்வொரு சுற்றும் அதை அழித்து எழுதுகிறது. பயனர் அழுத்தும் நேரத்தில் பலகையில் இருப்பது கடைசியாக எழுதிய முகவரி. இது நேரச் சிக்கல் அல்ல. தயவுசெய்து செட்டைம்அவுட் (ஃபங்ஷனைத் தாமதமாக ஓட்டும் கட்டளை) போட்டு மூடி மறைக்காதீர்கள்.

‘வார்’ போலவே மாறியை அறிவிக்க 2015இல் வந்த ‘லெட்’ (let), ‘கான்ஸ்ட்’ (const) இரண்டும் சுற்றுக்கு ஒரு புது மாறி தருகின்றன. அவற்றைப் பயன்படுத்துங்கள். ஆனால் ‘லெட்’டை லூப்புக்கு வெளியே அறிவித்துவிட்டு “மாற்றியும் வேலை செய்யவில்லை” என்று வராதீர்கள், அங்கே மறுபடி ஒரே பலகைதான். புதியவர்கள் இதற்காகக் கூச வேண்டியதில்லை. இதே குழப்பத்துக்காகவே சி ஷார்ப் 2012இலும் கோ மொழி 2024இலும் லூப் விதிகளையே மாற்றின.

வரிசை எண்ணை நம்பி நீக்காதீர்கள். ‘லெட்’ போட்டிருந்தாலும், இரண்டாவது முகவரி நீங்கியதும் மூன்றாவது இரண்டாவதாகிவிடும்; பட்டனிடம் இருப்பது பழைய எண். முகவரியின் மாறாத அடையாள எண்ணைப் பட்டனின் டேட்டா பண்பில் (data-) வையுங்கள். பட்டியல் முழுவதற்கும், எல்லா வரிசைகளையும் உள்ளடக்கிய தாய் உறுப்பில் ஒரே ஒரு கிளிக் கவனிப்பு போதும். பின்னால் சேரும் வரிசைகளுக்கும் அதுவே வேலை செய்யும்.

அந்த இளைஞர் சோதிக்காமல் விட்டவர் அல்ல. ஒரே முகவரி வைத்துச் சோதித்திருக்கிறார். அங்கே முதலும் கடைசியும் ஒன்று, பட்டன் சரியாகவே வேலை செய்தது. குறைந்தது மூன்று வரிசை வைத்து, நடுவில் இருப்பதை அழுத்திப் பாருங்கள்.