இரண்டு மீட்டர்தான், ஆனால் பதினேழு வினாடி

அலைச்சறுக்கு செய்கிறவர்கள் பார்க்கும் கடல் முன்னறிவிப்பில் முக்கியமாக மூன்று எண்கள் இருக்கும்: அலையின் உயரம், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள நேரம், அலை வரும் திசை. ‘2 மீட்டர், 17 வினாடி, 215 டிகிரி’ என்று போட்டிருந்தால் பழகாத கண் உயரத்தில்தான் போய் நிற்கும். இரண்டு மீட்டர்தானே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். டஹிட்டித் தீவின் தேஆஹுப்போவில் அலை பிடிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது நடுவில் இருக்கும் அந்த 17-ஐத்தான்.

தேஆஹுப்போ என்றால் உடனே ஞாபகம் வராமல் போகலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேசில் வீரர் கேப்ரியல் மெடினா ஒரு விரலை உயர்த்தியபடி அந்தரத்தில் நிற்க, பக்கத்திலேயே அவருடைய பலகையும் செங்குத்தாக மிதக்கும் படம் ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியதே, அது எடுக்கப்பட்ட இடம். பாரிஸிலிருந்து 15,000 கிலோமீட்டருக்கும் அப்பால், பிரெஞ்சு பாலினீசியாவில், டஹிட்டியின் சாலை முடிகிற ஊர். ஜூலையில் பிரான்ஸின் சொந்தக் கரையில் நல்ல அலை வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. டஹிட்டியின் தென்மேற்குக் கரைக்கோ அது உச்சக்கட்ட அலை சீசன்.

அந்த அலைகள் டஹிட்டியில் பிறப்பதில்லை. நியூசிலாந்துக்குத் தெற்கே, தென் அட்சரேகை 40 டிகிரியைத் தாண்டிய கடலில், காற்றைத் தடுக்க நிலம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. தென் அரைக்கோளத்தின் குளிர்காலத்தில் அங்கே புயல் மேல் புயலாகக் கிளம்பும். காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்துக்குத் தடையில்லாமல் அடிக்கிறதோ அதைப் பொறுத்து அலை பெருக்கும். புயலுக்குள் கடல் ஒரே குழப்பம்தான். குட்டை அலை, நெட்டை அலை, குறுக்கே ஓடும் அலை எல்லாம் கலந்து கிடக்கும். காற்றின் பிடியிலிருந்து வெளியே வந்த பிறகு தானாக ஓடத் தொடங்கும் அலைகளைத்தான் ஸ்வெல் என்கிறார்கள்.

ஆழ்கடலில் இடைவெளி அதிகமுள்ள அலை வேகமாக ஓடும். கணக்கும் எளிது: வினாடியில் உள்ள இடைவெளியை 1.56-ஆல் பெருக்கினால், அலைமுகடு வினாடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று வரும். 17 வினாடி அலைக்கு அது 26.5 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டர். ஆனால் அலைக்கூட்டம் அந்த வேகத்தில் நகர்வதில்லை, பாதி வேகம்தான். கூட்டத்தின் முன்னால் ஓடும் முகடு அடங்கிக்கொண்டே போக, பின்னால் புதிது புதிதாக முகடுகள் எழும். மொத்த ஆற்றல் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்து சேரும். 4,000 கிலோமீட்டர் தள்ளி ஒரு புயல் என்றால் மூன்றரை நாள் பயணம். அதனால்தான் அலைக்காக விமானம் பிடிக்கிறவர்களால் புயலைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்க முடிகிறது.

அந்தப் பயணத்தில் அலைகள் தாமாகவே பிரிந்துகொள்ளும். அதே 4,000 கிலோமீட்டரில் 18 வினாடி அலைகள் முதலில் வரும். 14 வினாடி அலைகள் வர அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இடைவெளி எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதை அளந்தாலே புயல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் மங்க் 1963-இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை வரிசையாகக் கருவிகளை வைத்து இப்படித்தான் தென்கடல் புயல்களின் அலைகளைப் பின்தொடர்ந்தார். புயலின் எல்லையைத் தாண்டிய பிறகு நீண்ட அலைகள் பசிபிக்கைக் கடக்கும்போது இழக்கும் ஆற்றல் மிகக் குறைவு என்பது அதில் தெரிந்தது.

இது நமக்குச் சம்பந்தமில்லாத கதை இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பும் இதே வகை அலைகள்தான் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கள்ளக்கடலாக வந்து கரையேறுகின்றன. வானம் தெளிவாக இருக்கும், காற்றும் பெரிதாக இருக்காது. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. கரையில் நின்று பார்த்தால் ஆபத்து தெரியாததற்குக் காரணம் இடைவெளிதான்: நீண்ட அலை ஆழ்கடலில் தட்டையாக இருக்கும், கரைக்கு வரும்போதுதான் எழும்.

ஏன் எழுகிறது? 17 வினாடி அலையின் நீளம், முகட்டிலிருந்து முகடு வரை, சுமார் 450 மீட்டர். 9 வினாடி அலைக்கு அது 126 மீட்டர்தான். அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம் வரை கீழே இறங்கும். ஆக முதலாவது 225 மீட்டர் ஆழம்வரை தண்ணீரை அசைத்துக்கொண்டு வருகிறது, இரண்டாவது வெறும் 63 மீட்டர். உயரம் இரண்டுக்கும் ஒன்றே என்றாலும், ஒரு மீட்டர் அகலத்துக்கு முதலாவது சுமந்து வரும் திறன் 33 கிலோவாட் அளவுக்கு இருக்கும். மற்றதில் அதில் பாதியை ஒட்டித்தான். சாதாரணக் கடற்கரைக்கான ஒரு கணக்குப்படி பார்த்தாலும், 2 மீட்டர் 9 வினாடி அலை உடையும்போது 2.6 மீட்டர் இருக்கும். 2 மீட்டர் 17 வினாடி அலை 3.3 மீட்டர். அப்புறம், முன்னறிவிப்பில் போடும் உயரம் அன்றைய பெரிய அலையின் உயரம் இல்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. அதைப்போல ஒன்றரை மடங்கு அலை ஒன்று அவ்வப்போது வரத்தான் செய்யும்.

சரி, தேஆஹுப்போவுக்கு வருவோம். டஹிட்டி எரிமலைத் தீவு. கண்டங்களின் ஓரத்தில் இருப்பது போன்ற ஆழம் குறைந்த அகலமான கடலடி மேடை அதற்குக் கிடையாது. மேடை இருந்தால் நீண்ட அலை பல கிலோமீட்டருக்குத் தரையோடு உரசி, மெலிந்து, களைத்துத்தான் கரைக்கு வரும். இங்கே பவளத்திட்டின் வெளிச்சுவர் செங்குத்தாக இருட்டுக்குள் இறங்குகிறது. ஆழ்கடலில் கொண்டுவந்த பலத்தை அப்படியே வைத்துக்கொண்டு அலை திட்டின் மேல் ஏறுகிறது.

ஏறிய இடத்தில் வேகம் திடீரென்று குறைகிறது. ஆழமில்லாத தண்ணீரில் அலையின் வேகத்தை ஆழம்தான் தீர்மானிக்கும்: 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர், 3 மீட்டரில் 20. முன்பகுதி இப்படி முடங்க, பின்பகுதி இன்னும் ஆழத்தில் வேகமாக வந்துகொண்டிருக்கும். டவுன் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் பின்னால் நிற்பவர்கள் எல்லாம் முன்னால் வந்து குவிவார்களே, அதுதான் நடக்கிறது. தண்ணீர் குவிய மேலே தவிர வேறு வழியில்லை.

பொதுவாக, தண்ணீரின் ஆழத்தில் முக்கால்வாசிக்கு மேல் உயரம் போனால் அலை உடைந்துவிடும். சரிவு மெதுவாக இருக்கும் மணற்கரையில் முகடு நுரைத்து வழிந்து இறங்கும். செங்குத்தான பாறையில் அலைக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. உடைய வேண்டிய ஆழத்தைத் தாண்டி இன்னும் ஆழம் குறைந்த இடத்துக்குள் வந்த பிறகுதான் முகடு முன்னால் பாய்கிறது. அப்படிப் பாயும் தண்ணீர்த் தகடு, சர்ஃபர்கள் ‘லிப்’ என்பது, அடிவாரத்தைத் தொடாமல் முன்னால் போய் விழும்போது நடுவே குழல் உண்டாகிறது. தேஆஹுப்போவின் லிப் மற்ற இடங்களைப்போல மெல்லிய திரை இல்லை, கனமான பாளம். இந்த அலையை உயரத்தால் அளக்காமல் தடிமனால் அளக்க வேண்டும் என்று அங்கே போய் வந்தவர்கள் சொல்வது மிகை இல்லை.

இதில் இன்னொரு விசித்திரம். எழும் அலைக்குத் தண்ணீர் வேண்டும். முன்னால் பாறைமேல் கிடக்கும் தண்ணீரையே அது உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. அதனால் அலையின் அடிவாரம் சுற்றியுள்ள கடல்மட்டத்தைவிடக் கீழே போய்விடும். படகிலிருந்து பின்பக்கமாகப் பார்த்தால் பெரிய மேடு எதுவும் தெரியாது. முன்பக்கமாகப் பார்த்தால் கடலில் ஒரு படி வெட்டியது போல இருக்கும். சறுக்குபவர் அந்தப் படியிலிருந்து கீழே இறங்கும்போது அவருக்கும் பவளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் தண்ணீர்கூட இல்லாமல் போகலாம்.

படகில் இருப்பவர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள் என்ற கேள்வி வரும். குழலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்தில் படகுகள் வரிசையாக நிற்பதை ஒலிம்பிக் ஒளிபரப்பில் பார்த்திருக்கலாம். அவை நிற்பது பவளத்திட்டில் உள்ள ஓர் ஆழமான வாயிலில். மலையிலிருந்து இறங்கும் ஆற்றின் நன்னீரும் வண்டலும் பவளத்துக்கு ஆகாது. ஆகவே பள்ளத்தாக்குகளுக்கு நேரே திட்டு வளராமல் இடைவெளி விழுகிறது. ஆழம் இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. அதோடு ஆழத்தில் வேகமாகவும் திட்டின் மேல் மெதுவாகவும் ஓடுவதால் அலைமுகம் திட்டுப் பக்கமாக வளைகிறது. வாயிலில் இருக்க வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கும் பாறை விளிம்பில் போய்ச் சேர்கிறது. அலைகள் திட்டைத் தாண்டி உள்ளே கொட்டும் தண்ணீர் எல்லாம் இந்த வாயில் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பெரிய நாட்களில் இங்கே வெளியே இழுக்கும் ஓட்டம் பலமாக இருக்கும்.

மூன்றாவது எண்ணான திசை இங்கேதான் வேலை செய்கிறது. 180 டிகிரி என்றால் நேர் தெற்கிலிருந்து வருவது, 225 தென்மேற்கு. தேஆஹுப்போவின் அலை இடப்பக்கமாக உரிந்து ஓடுவது. ஸ்வெல் தெற்கே சாய்ந்து வந்தால் திட்டின் ஓரமாகவே வழுகி வரும். உடையும் புள்ளி சீராக நகரும், ஓடித் தப்பிக்க நேரம் கிடைக்கும். மேற்கே சாயச் சாய அலை திட்டின் வளைவில் நெற்றிக்கு நேராக மோதும். ‘வெஸ்ட் போல்’ என்று அவர்கள் சொல்லும் உட்பகுதியில் மொத்த முகமும் ஒரே நேரத்தில் கவிழ்ந்துவிடும். உயரம், இடைவெளி இரண்டும் மாறாமல் இருக்க, சில டிகிரி வித்தியாசத்தில் வாழ்நாள் அலை வேறு, மருத்துவமனை வேறு.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக: கிழக்கு, வடகிழக்குப் பக்கமிருந்து மலையைத் தாண்டி வரும் காற்று அலைமுகத்தைத் தாங்கிப் பிடித்து, உடைவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, குழலைச் சுத்தமாக்கும். தென்கிழக்கிலிருந்து வீசும் மராஆமு வந்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தேறாது. கடல்மட்டம் தினமும் ஏறி இறங்கும் ஓதம் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது டஹிட்டியின் சலுகை. அங்கே ஏற்ற இறக்கம் சுமார் 30 சென்டிமீட்டர்தான். அதுவும் சந்திரனைவிடச் சூரியனையே பின்பற்றுவதால் தினமும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே ஏற்றம் வரும். ஓத அட்டவணையைப் பார்த்துப் பாறையில் இறங்கிப் பழகியவர்களுக்கு இது முதலில் நம்பும்படியாக இருக்காது.

முன்னறிவிப்பு சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: அலை எந்த நிமிஷம் வரும் என்பது. ஒரு ஸ்வெல்லில் சற்றே வேறுபட்ட இடைவெளிகள் கலந்திருக்கும். 16 வினாடியும் 17 வினாடியும் ஒன்றாக வந்தால், முகடும் முகடும் பொருந்தும்போது அலைகள் பெருக்கும், முகடும் பள்ளமும் சேரும்போது கடல் அடங்கிவிடும். இந்த இரண்டுக்கும் கணக்குப் போட்டால் 272 வினாடிக்கு, அதாவது நாலரை நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு ‘செட்’. நிஜக் கடலில் இரண்டல்ல, எத்தனையோ இடைவெளிகள் கலப்பதால் காத்திருப்பு இதைவிட நீளும், ஒழுங்கும் இருக்காது. அந்தப் புகழ்பெற்ற படத்துக்கான அலையில் 9.90 வாங்கிய மெடினா, அரையிறுதியில் ஜாக் ராபின்சனுக்கு எதிராக ஒரே ஓர் அலையைப் பிடித்துவிட்டு இரண்டாவதுக்காக உட்கார்ந்தே தோற்றார். போட்டியில் இரண்டு அலைகளின் மதிப்பெண்ணைக் கூட்டுவார்கள். கடல் அவருக்கு ஒன்றுதான் கொடுத்தது. இறுதிப்போட்டியில் அதே கதி ராபின்சனுக்கு. தங்கம் வாங்கியவர் டஹிட்டிக்காரரான கௌலி வாஸ்ட்.

ஒலிம்பிக் நாட்களில் பார்த்தது இந்த இடத்தின் நடுத்தர முகம்தான். 2011 ஆகஸ்ட் 27 அன்று வந்த ஸ்வெல்லுக்குப் படகுகள் கடலில் இறங்கக் கூடாது என்று அதிகாரிகள் சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள். இறங்கியவர்கள் ஜெட் ஸ்கியில் கயிறு கட்டி இழுபட்டுத்தான் அலைக்குள் போனார்கள். வீரத்தைக் காட்ட அல்ல. கையால் துடுப்புப் போட்டால் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான் கிடைக்கும். ஆழத்திலிருந்து நேராக வரும் அலை அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் வந்து, ஆள் பலகையில் எழுந்து நிற்பதற்குள் கவிழ்ந்துவிடும்.

பாறையில் அனுபவம் உள்ளவர்கள் வந்ததும் தண்ணீரில் குதிக்காமல் வாயிலில் இரண்டு மூன்று செட் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பது இந்தக் கணக்கையெல்லாம் கண்ணால் போட்டுப் பார்க்கத்தான்: செட்டில் எத்தனை அலை, எதில் மேற்குச் சாய்வு தெரிகிறது, அடங்கும் நேரம் எவ்வளவு. செட்டின் முதல் அலையை அவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதில் விழுந்தால் பின்னால் வரும் அத்தனையும், 17 வினாடிக்கு ஒன்றாக, முழங்கால் தண்ணீரில் நிற்பவர் தலையில்தான் விழும்.