மேலே போகிற கேஸ் எங்கே போகும்?

"பைப் கேஸ் லேசானது சார், மேலே போயிடும், பயமே இல்லைன்னு சொன்னாங்களே!" இந்த மாதத்தில் இதைக் கேட்பது மூன்றாவது முறை. சொன்னவர் வீட்டுச் சமையலறையில் ஏசி போடுவதற்காக மேல் வென்டிலேட்டரை அடைத்து, ஃபால்ஸ் சீலிங்கும் போட்டிருந்தார்கள். கசிவைக் கண்டுபிடிக்கும் என் டிடெக்டர் தரைப்பக்கம் சும்மா இருந்தது. ஏணியில் ஏறி சீலிங் இடுக்கில் நீட்டியதும் அலறியது.

மேலே போகும், சரி. போய் எங்கே நிற்கும்? பைப் கேஸ் என்பது இயற்கை எரிவாயு, பெரும்பகுதி மீத்தேன். அது காற்றைவிட லேசானதுதான், கிட்டத்தட்ட பாதி எடை. வெட்டவெளியில் கலைந்துவிடும். வீட்டுக்குள் கூரை தடுக்குமே! பரண், சீலிங் இடுக்கு, அலமாரியின் மேல்தட்டு என்று போய்த் தங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். அறை முழுக்க அந்த அளவு சேர வேண்டியதில்லை, அந்த இடுக்கில் சேர்ந்தால் போதும். விளக்குக்கான வயர்களும் அங்கேதான் ஓடுகின்றன. சிலிண்டர் கேஸ் இதற்கு நேர் எதிர், கனமானது, தரையோடு படரும். அதற்காகக் கீழே வைத்த காற்றுத் திறப்பு (ஜாலி) நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிலிண்டரிலிருந்து பைப்புக்கு இணைப்பு மாறிய பிறகு அதை மட்டும் நம்பிப் பயனில்லை, மேலேயும் திறப்பு வேண்டும். எந்த கேஸும் ஆபத்தில்லாத கேஸ் அல்ல. எத்தனை வீட்டில்தான் இதைச் சொல்வது!

நாட்டின் எரிசக்தியில் இயற்கை எரிவாயுவின் பங்கை 2030-க்குள் 15 சதவீதமாக்குவது இந்திய அரசின் இலக்கு. நம் எண்ணூரில் 2019-ல் அதை இறக்குமதி செய்யும் முனையமே வந்துவிட்டது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்து, திரவமாக்கி, கப்பலில் கொண்டுவருகிறார்கள். அத்தனை பாடுபட்டு வந்த வாயுவை அடுப்படியில் கோட்டை விடுகிறோம்.

அடுத்து ஜெட், அதாவது பர்னருக்கு கேஸைப் பீய்ச்சும் சின்ன முனை. ஒரே கன அளவில் பைப் கேஸ் தரும் வெப்பம் சிலிண்டர் கேஸ் தருவதில் பாதிகூட இல்லை. அதனால் பர்னர் ஜெட்டின் துளை பெரிதாக இருக்க வேண்டும். மாற்றாவிட்டால் தீ சோம்பும். உடனே ஒருவர் ஊசியால் குடைவார். தயவுசெய்து குடையாதீர்கள். அதேபோல வீடு மாறும்போது பைப் கேஸ் ஸ்டவ்வை அப்படியே சிலிண்டரில் மாட்டாதீர்கள், தீ முகத்துக்கு வரும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் கார்பன் மோனாக்சைடும் வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் கூப்பிடுங்கள்.

நாற்றம் வந்தால் வால்வை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், வெளியே வாருங்கள். சுவிட்சைத் தொடவே கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. "காற்றோட்டத்துக்குத்தானே" என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போன் வெளியே வந்த பிறகு. 1906 சிலிண்டருக்கான எண். பைப் கேஸுக்கு உங்கள் நிறுவனத்தின் அவசர எண் பில்லில் இருக்கும், இப்போதே செல்லில் பதிந்து வையுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இயற்கை எரிவாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது, அந்த நாற்றம் நாங்கள் கலப்பது. வயதானவர்களில் பலருக்கு அது தெரியாமல் போகிறது. அவர்கள் தனியாகச் சமைக்கிற வீடு என்றால் ஒரு டிடெக்டர் வாங்கி, கூரையை ஒட்டி மாட்டுங்கள். போன வாரம் ஒரு வீட்டில் பெரியம்மாவுக்காக மகன் அக்கறையாக வாங்கி மாட்டியிருந்தார், முழங்கால் உயரத்தில். அதைக் கழற்றி மேலே மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.