கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் இரைச்சல் போய்விடுமா?

செங்கோட்டையிலுள்ள என் பழுதுபார்க்கும் கடைக்கு இந்த மாதம் வந்த மூன்றாவது 12 வோல்ட் பவர் சப்ளை இது. ஆரியங்காவிலிருந்து அதைக் கொண்டுவந்த தம்பி, "அண்ணாச்சி, 1,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்த இடத்தில் 10,000 போட்டுவிட்டேன், மாலையானால் இன்னும் இரைகிறது" என்றார். டயோடுகளைச் சுற்றிப் பலகை கருத்திருந்தது.

பெரிய கெபாசிட்டர் ரிப்பிளை, அதாவது டிசி-யில் மிச்சமிருந்து இரைச்சலைக் கொடுக்கும் ஏற்ற இறக்கத்தை, குறைக்கும் என்பது பொய்யல்ல. ஏசி-யை டிசி-யாக்கும் நான்கு டயோடுகள் கொண்ட முழு அலை பிரிட்ஜில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் வரும். 1 ஆம்பியர் பளுவுக்கு 1,000 மைக்ரோஃபாரட் வைத்தால் ஏறக்குறைய 10 வோல்ட்டும், 4,700 வைத்தால் 2 வோல்ட் அளவும் ஏறி இறங்கும். ஆனால் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் 7812 ரெகுலேட்டர் சில்லுக்கு உள்ளீடாகக் குறைந்தது 14 வோல்ட்டாவது வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் உச்சம் 17 வோல்ட். அதில் டயோடுகள் 1.4 வோல்ட்டைத் தின்றுவிடும். லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில், மாலையில் மின்சாரம் 200 வோல்ட்டுக்கு இறங்கும்போது, டயோடுகளைத் தாண்டி வரும் உச்சமே 13.4 வோல்ட்தான் என்னும் நிலையில், குடம் அளவுக்குக் கெபாசிட்டர் வைத்தாலும் ரெகுலேட்டர் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, பெரிய கெபாசிட்டர் மிகக் குறுகிய நேரத்தில் பெரிய மின்னோட்டத்தை இழுப்பதால் டயோடும் டிரான்ஸ்ஃபார்மரும் சுடுகின்றன.

மல்டிமீட்டரை டிசி-யில் வைத்து "12 சரியாகக் காட்டுகிறது" என்று வாதாடாதீர்கள். அது சராசரியைத்தான் காட்டும். கெபாசிட்டர் முனைகளில் ஏசி-யில் வைத்துப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரத்தை அதிவேகமாக ஸ்விட்ச் செய்து மாற்றும் பவர் சப்ளை, வேறு கதை. அங்கே மைக்ரோஃபாரட் சரியாக இருந்தும் உள்தடை கூடிப்போன கெபாசிட்டர்தான் பெரும்பாலும் குற்றவாளி. 105 டிகிரி வெப்பம் தாங்கும், குறைந்த உள்தடை வகையாகப் பார்த்து மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்-இன் பிரைமரியில், அதாவது மெயின்ஸ் பக்கத்துக் கெபாசிட்டரில், 325 வோல்ட் தேங்கியிருக்கும், தயவுசெய்து ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

தம்பியின் சப்ளைக்கு 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும், 35 வோல்ட் தாங்கும் 4,700 மைக்ரோஃபாரடும் போட்டேன். 200 வோல்ட்டிலும் ரிப்பிளின் அடி 14-க்குக் கீழே போகவில்லை, இரைச்சலும் நின்றது. ஆனால் முழு மின்சாரம் வரும்போது ரெகுலேட்டரில் 7 வாட் அளவுக்கு வெப்பம் வரும் என்பதால், ஹீட் சிங்க் ஒன்றைப் பொருத்திய பிறகே பெட்டியை மூடிக் கொடுத்தேன்.