ரயில் வரும்வரை தானியம் மூச்சுவிடும்

“காய்ந்த கோதுமைதானே, சரக்கு ரயில் ஒரு மாதம் தாமதமானால் என்ன கெட்டுவிடும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பணம் வரத் தாமதமாகும், கடனுக்கு வட்டி ஏறும் என்பதெல்லாம் தெரிந்ததுதான். எனக்குச் சொல்லத் தோன்றுவது குதிருக்குள் நடப்பதை.

கோதுமை மணி ஒரு விதை. அதற்குள் முளைக்கரு உயிரோடு இருக்கிறது. உயிர் இருந்தால் சுவாசமும் உண்டு. பள்ளியில் படித்த அதே சமன்பாடுதான்: சர்க்கரையும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் வெப்பமும் வெளிவரும். ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த மூச்சு மிக மிக மெதுவானது. மேலே போகப் போக, மணியோடு ஒட்டிவந்த பூஞ்சைகளும் விழித்துக்கொள்ளும்.

இங்கேதான் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1 கிலோ குளுக்கோஸ் சுவாசத்தில் முழுதாகக் கரைந்தால் 600 கிராம் தண்ணீர் உண்டாகும். கூடவே, சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுபோகிற வெப்பமும். அந்தத் தண்ணீர் பக்கத்து மணிகளை நனைக்கிறது. நனைந்தவை இன்னும் வேகமாகச் சுவாசிக்கின்றன. இன்னும் தண்ணீர், இன்னும் சூடு. தானியக் குவியல் வெப்பத்தை எளிதில் கடத்தாது, ஆகவே சூடு உள்ளேயே தங்கிவிடும். வெளியே குளிர்காலம் என்றால், சுவரோரக் காற்று குளிர்ந்து கீழிறங்க, நடுவிலுள்ள வெதுவெதுப்பான காற்று ஈரத்தைச் சுமந்து மேலெழும். குளிர்ந்த மேலடுக்கைத் தொட்டதும் ஈரத்தை அங்கே விட்டுவிடும். நன்றாகக் காயவைத்து நிரப்பிய குதிரின் உச்சியிலும் பூஞ்சை பிடித்து, மணிகள் ஓடுபோல இறுகுவது இப்படித்தான்.

காற்றூதியை ஓட்டிக் கொஞ்சம் சமாளிக்கலாம். குதிரே நிறைந்துவிட்டால்? 2013-இல் கனடாவின் சமவெளி மாகாணங்களில் வரலாறு காணாத விளைச்சல். வேகன்கள் போதவில்லை, தானியம் திறந்தவெளியில் குவிந்தது. இரண்டு பெரிய ரயில் நிறுவனங்களும் வாரத்துக்குத் தலா 5 லட்சம் டன் ஏற்றியே ஆக வேண்டும் என்று 2014 மார்ச்சில் அரசு ஆணை போட்டது. லாரியில் அனுப்பலாமே என்றால், வேகனுக்கு 90 டன் என்று 100 வேகன் ரயில் ஒன்று ஏற்றிப்போவதற்கு 30 டன் லாரிகள் 300 வேண்டும்.

சூடு தெரிவதற்கு முன்பே, குதிருக்குள் கார்பன் டை ஆக்சைடு கூடுவதைக் கருவிகள் காட்டிவிடும். அந்த அளவீடு ரயில் அட்டவணை போடுகிறவர்கள் கைக்கும் போக வேண்டும்: எந்தக் குதிருக்கு மூச்சு வாங்குகிறதோ, அதற்கே முதல் வேகன். விளைச்சலைப் பெருக்கும் ஆராய்ச்சிக்குத் தரும் பணத்தில் ஒரு பங்கை இதற்கும் ஒதுக்கலாம்.