ஒரே வகுப்பு, வேறு வேறு உடம்பு: லக்ராஸ் களத்தில் ஒரு வயது செய்யும் வேலை

லக்ராஸ் என்பது நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தி எறிந்து கோல் போடும் ஆட்டம். அதில் தரையில் உருளும் பந்தை எடுக்க இரண்டு பையன்கள் எதிரெதிரே ஓடி வருகிறார்கள். இருவரும் அமெரிக்கப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஒருவனுக்கு 14 வயது, 55 கிலோ. மற்றவனுக்கு 15 முடிந்துவிட்டது, 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரே வேகத்தில் வந்தாலும் பெரியவனின் உந்தம் கால் பங்குக்கு மேல் அதிகம். ஆண்கள் லக்ராஸில் பந்தின் அருகில் இருப்பவனை உடம்பால் மோதித் தள்ள விதி இடம் தருகிறது. பந்து யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டுமா?

ஒரே வகுப்பில் இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? சில பெற்றோர்கள் பையனை எட்டாம் வகுப்பில் இன்னொரு வருடம் வேண்டுமென்றே உட்கார வைக்கிறார்கள். தனியார் பள்ளிக்கு மாறும்போது இது சுலபம். படிப்பில் தோற்றதால் அல்ல, விளையாட்டுக்காக. பெரும்பாலான மாநிலங்களில், கல்வியாண்டு தொடங்கும் சமயத்தில் 19 நிறைந்துவிட்டால்தான் பள்ளி அணியில் ஆட முடியாது. அதுவரை எல்லாம் விதிப்படியே.

சரி, ஒரு வருடம் அப்படி என்ன பெரிய விஷயம்? 30 வயதில் ஒன்றுமே இல்லை. பதினான்கில் அப்படி இல்லை. ஆண் பிள்ளைகளின் உயர வளர்ச்சி சராசரியாக பதின்மூன்றரை, பதினான்கு வயதில் உச்சம் தொடுகிறது. அந்த ஒரே ஆண்டில் சராசரியாக 9 செ.மீ. அளவு வளர்வார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறும், தோள் அகலும். தசை வலுவின் உச்சம் அதற்கும் சில மாதங்கள் கழித்துத்தான் வரும். கை நீளமானால் மட்டையின் வீச்சும் வேகமாகும். கோல்கீப்பருக்குக் கிடைக்கும் நேரம் குறையும்.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று. பிறந்த தேதியும் உடம்பின் வயதும் ஒன்றல்ல. இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் முதிர்ச்சியைப் பார்த்தால், ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பையன்களுக்கு நடுவே மூன்று நான்கு ஆண்டு இடைவெளிகூடத் தெரியலாம். அதனால் தாமதமாக வளரும் பையனை ஒரு வருடம் நிறுத்தினாலும் அவன் வகுப்பிலேயே சின்னவனாக இருக்கலாம்.

எனக்கு வருத்தம் தருவது மோதல் அல்ல, அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதம். கனடா ஐஸ் ஹாக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்கும். அங்கே முன்னணி இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பதை உளவியலாளர் ராஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய சகாக்களும் 1985-இல் எழுதிக் காட்டினார்கள். சில மாதம் மூத்தவன் தேர்வாகிறான், நல்ல பயிற்சியாளர் கிடைக்கிறார், கூடுதல் ஆட்டங்கள் கிடைக்கின்றன. அப்புறம் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். லக்ராஸில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இடம் பேசி முடித்தார்கள். அதாவது, உடம்புகள் மிகவும் வேறுபட்டு நிற்கும் வயதில். 2017-இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் பேசக் கூடாது என்று முதல்நிலைக் கல்லூரிகளுக்கு விதி போட்டது. நல்ல முடிவு.

இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகள் வேறு வழியை முயன்றன. முழு உயரத்தில் எத்தனை சதவீதம் எட்டிவிட்டான் என்று கணித்து, அதன்படி பையன்களைக் குழுவாக்கி ஆடவிட்டார்கள். சீக்கிரம் வளர்ந்தவர்களுக்கு அந்த ஆட்டம் கடினமாக இருந்தது: தள்ளிவிட்டுப் போக முடியாததால், பந்தை வேகமாகக் கைமாற்றவும் முன்கூட்டியே யோசிக்கவும் வேண்டியிருந்தது.